பட்டனைத் தட்டினால் பூட் ஆகாது: 60 வயது பிடிபி-8 முரண்டு பிடித்தால் கோளாறை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

லேப்டாப் பட்டனை அழுத்துகிறோம். லோகோ வருகிறது, பாஸ்வேர்டு கேட்கிறது, வேலை ஆரம்பிக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. திரை கறுப்பாகவே நின்றுவிடும் நாளில்தான் அந்தக் கேள்வி வரும்.

அந்த 'நடுவில்' நடப்பதை எல்லாம் மனிதன் தன் விரலால் செய்ய வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. 1965-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேனார்டு என்ற ஊரில் இருந்த டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், அதாவது 'டெக்' நிறுவனம், பிடிபி-8 என்ற மினிகம்ப்யூட்டரை 18,000 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அறை முழுக்க அடைத்துக்கொள்ளும் மெயின்ஃப்ரேம்களுக்கு நடுவே இது ஃப்ரிட்ஜ் அளவுக்குள் அடங்கியது. ஆய்வுக்கூடம், தொழிற்சாலை, பல்கலைக்கழகம் எனப் பல இடங்களுக்குப் போனது. இந்தக் குடும்பத்தில் பின்னால் வந்த மாடல்களையும் சேர்த்து 50,000-க்கும் மேல் விற்றன.

இன்றைக்கும் மியூசியங்களிலும் சேகரிப்பாளர்களின் வீடுகளிலும் சில பிடிபி-8-கள் இருக்கின்றன. அவற்றை மறுபடியும் ஓட வைக்க முயல்பவர்கள் சந்திக்கும் முதல் சிக்கல், பூட்.

ஆன் செய்தால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது! அடிப்படை மாடலில் பயாஸ் கிடையாது, 'ஆன் ஆனதும் இதைச் செய்' என்று சொல்லும் சிப் எதுவும் கிடையாது. முன்பக்க பேனலில் விளக்குகள் எரியும். கம்ப்யூட்டர் சும்மா நிற்கும். என்ன செய்ய வேண்டும் என்பதை பேனலில் இருக்கும் 12 சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி நாம்தான் சொல்ல வேண்டும்.

ஏன் 12? இது 12 பிட் இயந்திரம். மெமரியில் 4,096 இடங்கள், ஒவ்வொரு இடத்திலும் 12 பிட். சுவிட்ச் மேலே என்றால் ஒன்று, கீழே என்றால் சைபர். மூன்று மூன்றாகச் சேர்த்துப் படித்தால் நான்கு இலக்க எண் வரும். அதனால் இந்த இயந்திரத்தின் உலகில் 8, 9 என்ற இலக்கங்களே இல்லை. மெமரியின் முதல் இடம் 0000, கடைசி இடம் 7777.

புரோகிராம்கள் காகித நாடாவில் ஓட்டைகளாகக் குத்தப்பட்டிருக்கும். அதைப் படிக்க ஒரு புரோகிராம் வேண்டும். ஆனால் அந்த புரோகிராமும் நாடாவில்தானே இருக்கிறது? கோழியா முட்டையா கதைதான். தன் பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கையான பேச்சு வழக்கு உண்டு. 'பூட்' என்ற சொல் அதிலிருந்து வந்தது.

இதற்கு டெக் கண்ட வழி மூன்று படிகள் கொண்டது. முதலில் 'ரிம் லோடர்' என்ற மிகச் சிறிய புரோகிராமை சுவிட்சுகளால் கையாலேயே ஏற்றுவார்கள். மொத்தம் 16 கட்டளைகள். மெமரியின் கடைசி மூலையில் 7756-ல் தொடங்கி 7775 வரை உட்காரும். அடுத்த இடமான 7776-ஐக் குறிப்பெழுதும் சிலேட்டு மாதிரி பயன்படுத்திக்கொள்ளும். இந்தக் குட்டி லோடர் நாடாவிலிருந்து 'பின் லோடர்' என்ற கொஞ்சம் பெரிய லோடரை ஏற்றும். பின் லோடர் நமக்கு வேண்டிய புரோகிராமை ஏற்றும்.

நேரடியாக ரிம் லோடரிலேயே எல்லாவற்றையும் ஏற்றினால் என்ன? ஏற்றலாம், ஆனால் பொறுமை வேண்டும். ரிம் வகை நாடாவில் ஒவ்வொரு தகவலுக்கும் அதன் முகவரியும் சேர்ந்தே வரும், எனவே நாடா இரட்டிப்பு நீளம். டெலிடைப் இயந்திரம் நொடிக்கு 10 எழுத்துதான் படிக்கும். மெமரி முழுவதையும் நிரப்ப பின் வகையில் சுமார் 14 நிமிடம் என்றால், ரிம் வகையில் கிட்டத்தட்ட அரை மணி நேரம். தவிர, ரிம் லோடர் தான் படித்தது சரியா என்று சோதிக்காது.

ஒவ்வொரு படியும் தனக்குக் கீழே இருக்கும் படி சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் வேலை செய்கிறது. நாடா ஏறவில்லை என்றால் கோளாறு நாடாவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் அனுபவம் உள்ளவர்கள் மேலிருந்து கீழே தேடுவதில்லை. அடியிலிருந்து மேலே ஏறி வருகிறார்கள்.

பவர் ப்ளக்கைச் சொருகலாமா?

உடனே சொருகக் கூடாது. பல வருஷம் தூங்கிய இயந்திரத்துக்கு மிக ஆபத்தான நேரம் அதன் முதல் பவர்-ஆன்தான். பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம், கசிந்திருக்கலாம். முழு மின்சாரத்தை ஒரேயடியாகக் கொடுத்தால் அவை ஷார்ட் ஆகும், சில சமயம் வெடிக்கவும் செய்யும். அதைவிட மோசமான ஒன்று உண்டு. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதாகி, 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு அதிகமாகப் போனால், இன்று கடையில் கிடைக்காத சிப்கள் ஒரு நொடியில் போய்விடும். அதற்கப்புறம் 'பூட் ஏன் ஆகவில்லை' என்ற கேள்விக்கே வேலை இல்லை.

அதனால் முதலில் பவர் சப்ளையைக் கம்ப்யூட்டரிலிருந்து முழுசாகப் பிரித்துவிடுவார்கள். கெப்பாசிட்டர்களுக்குக் குறைந்த வோல்டேஜில் ஆரம்பித்து மெல்ல மெல்ல ஏற்றி மறுபடியும் பழக்குவார்கள், அல்லது மாற்றிவிடுவார்கள். பிறகு கம்ப்யூட்டருக்குப் பதிலாக கார் ஹெட்லைட் பல்பு மாதிரி ஒரு பொய்ச் சுமையை மாட்டி, மல்டிமீட்டரில் வோல்டேஜ் பார்ப்பார்கள். மல்டிமீட்டர் மட்டும் போதாது. சராசரி சரியாக இருந்தாலும் உள்ளே ஏற்ற இறக்கம் இருக்கலாம். அதை ஆசிலோஸ்கோப் காட்டிவிடும். இந்த அலைச்சலைக் கவனிக்காமல் விட்டால் பின்னால் 'மெமரி சில நேரம் சரியாக இருக்கு, சில நேரம் இல்லை' என்று வாரக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

கார்டுகளைக் கழற்றிச் சொருகுவதும் பழைய வைத்தியம். முனைகளில் படிந்த அழுக்கு தேய்ந்து பல கோளாறுகள் அப்படியே சரியாகும். ஆனால் ஒவ்வொரு தடவையும் தங்கப் பூச்சும் கொஞ்சம் தேயும். ஒன்றிரண்டு தடவை போதும்.

படித்தாலே அழியும் மெமரி

பவர் சரி. அடுத்தது மெமரி. என் பார்வையில் மொத்த வேலையிலும் இதுதான் சுவாரசியமான கட்டம்.

பிடிபி-8-ல் இருப்பது கோர் மெமரி. கடுகு மாதிரி சின்னச் சின்ன ஃபெரைட் வளையங்களை மெல்லிய கம்பிகளில் கோர்த்திருப்பார்கள். ஒவ்வொரு வளையமும் ஒரு பிட். ஒரு பக்கமாகக் காந்தமேறினால் ஒன்று, மறுபக்கமாக ஏறினால் சைபர். காந்தம் என்பதால் கரண்ட் போனாலும் உள்ளே இருப்பது போகாது. ஒரு காலத்தில் ரிம் லோடரை ஒருமுறை தட்டி ஏற்றிவிட்டால், வேறு ஏதாவது புரோகிராம் அதன் மேல் எழுதும் வரை தினமும் தட்ட வேண்டியதில்லை. கடைசியாக அந்த இயந்திரத்தில் ஓடிய புரோகிராமும் இன்னும் உள்ளேயே இருக்கலாம்.

ஆனால் ஒரு பிட்டைப் படிப்பதற்கு அதைச் சைபராக்கித்தான் பார்க்க முடியும். அது புரண்டால் 'ஓ, ஒன்று இருந்திருக்கு' என்று தெரியும். படித்த கையோடு பழைய மதிப்பை மறுபடியும் எழுதிவிடுவது சர்க்யூட்டின் வேலை. அந்தத் திரும்ப எழுதும் பகுதி பழுதாகியிருந்தால், நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு இடமும் நீங்கள் பார்த்ததாலேயே அழிந்துபோகும்.

எனவே ஆர்வக்கோளாறில் மெமரியை மளமளவென்று புரட்டக் கூடாது. முக்கியமில்லாத ஒரு இடத்தைத் தேர்ந்து, பேனலில் எக்ஸாமின் சாவியால் பாருங்கள். அதே முகவரியை மறுபடியும் போட்டு இன்னொரு தடவை பாருங்கள். முதல் தடவை ஏதோ ஒரு எண், இரண்டாம் தடவை 0000 என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இரண்டு தடவையும் ஒன்றே வந்தால் தொடரலாம். 7756-லிருந்து வரிசையாகப் பார்த்து எழுதிக்கொண்டால், பல வருஷத்துக்கு முன் யாரோ தட்டிய லோடர் அப்படியே இருப்பது தெரியவரலாம்.

அதன் பிறகு எழுதிப் பார்க்கும் சோதனை. ஒரு இடத்தில் 0000 எழுதிப் படிக்க வேண்டும், பிறகு 7777. எப்போதும் ஒரு விளக்கு மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை என்றால் அந்த ஒரு பிட்டின் சர்க்யூட்டில் கோளாறு. (பல்பு ஃபியூஸ் போயிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இல்லாத கோளாறைத் தேட வைப்பதில் பல்புக்கு நிகர் எதுவும் இல்லை.) முகவரிக் கம்பியில் கோளாறு என்றால் அறிகுறியே வேறு. ஒரு இடத்தில் எழுதியது இன்னொரு இடத்திலும் போய் நிற்கும். அதைப் பிடிக்க 0001, 0002, 0004, 0010 என்று இரட்டித்துப் போகும் முகவரிகளில் வெவ்வேறு எண்களை எழுதிவிட்டு, எல்லாவற்றையும் திரும்பப் படித்தால் போதும்.

ப்ராசஸருக்கு இரண்டு வரிப் பரீட்சை

இப்போது ப்ராசஸர். 0200-ல் 7001 என்றும் 0201-ல் 5200 என்றும் தட்டுங்கள். முதலாவது 'அக்குமுலேட்டரில் ஒன்றைக் கூட்டு', இரண்டாவது '0200-க்குத் திரும்பிப் போ'. அவ்வளவுதான் புரோகிராம். 0200-லிருந்து ஓட விட்டால் நொடிக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை கூட்டும். அக்குமுலேட்டர் விளக்குகள் எல்லாம் ஒரே மாதிரி மங்கலாக எரிவதுபோலத் தெரியும், ஏனென்றால் எல்லாமே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகின்றன. அதில் ஒன்று மட்டும் பளிச்சென்றோ இருட்டாகவோ இருந்தால் அந்தப் பிட்டைச் சந்தேகிக்கலாம். சிங்கிள் ஸ்டெப்பில் ஒவ்வொரு அடியாக நகர்த்தினால் 1, 2, 3 என்று எண்ணுவதையே கண்ணால் பார்க்கலாம். இன்றைய எந்த லேப்டாப்பும் இப்படித் தன் வயிற்றைத் திறந்து காட்டாது.

டெலிடைப் பேசுகிறதா?

பிடிபி-8-ன் வாயும் காதும் பெரும்பாலும் டெலிடைப் ஏஎஸ்ஆர்-33. கீபோர்டு, பிரின்டர், நாடா படிக்கும் பகுதி, நாடா குத்தும் பகுதி என நான்கும் ஒரே பெட்டியில். கம்ப்யூட்டரை விட இதில்தான் கோளாறு அதிகம் என்றால் ஆச்சரியமில்லை. உள்ளே லீவர், ஸ்பிரிங், பல்சக்கரம்தான். பழைய கிரீஸ் இறுகிப் பிசினாகியிருக்கும்.

சுவிட்சை 'லோக்கல்' பக்கம் திருப்பி டைப் அடித்துப் பார்த்தால் டெலிடைப் தனியாக நலமா என்று தெரியும். பிறகு 'லைன்' பக்கம் திருப்பி, 0200-லிருந்து 6031, 5200, 6036, 6046, 6041, 5204, 5200 என்று ஏழு எண்களைத் தட்டி ஓட விட வேண்டும். இது எதிரொலி புரோகிராம்: நீங்கள் அடிக்கும் எழுத்தைக் கம்ப்யூட்டர் வாங்கித் திரும்ப அச்சடிக்கும். ஆங்கில 'ஏ' அடித்தால் 'சி' வருகிறது, 'பி' அடித்தால் 'பி'-யே வருகிறது என்றால் கேலி செய்கிறது என்று நினைக்காதீர்கள். 'ஏ'-வின் குறியீடு 101, 'பி' 102, 'சி' 103. கடைசியிலிருந்து இரண்டாவது பிட் எப்போதும் ஒன்றாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

டேப் ஓடவில்லை, அல்லது ஓடியும் ஏறவில்லை

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ரிம் லோடரைத் தட்டுகிறோம். 7756-ல் ஸ்டார்ட். இங்கே நான்கு விதமாகச் சிக்கல் வரலாம்.

நாடா நகரவே இல்லையா? ரீடரின் லீவர் 'ஸ்டார்ட்' நிலையில் இருக்கிறதா, சுவிட்ச் 'லைன்' பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரி என்றால் ரீடரை நகர்த்தும் ரிலேயைப் பார்க்க வேண்டும். டெக் தந்த டெலிடைப்பில் கம்ப்யூட்டர் கேட்டால்தான் அடுத்த எழுத்து நகரும்படி ஒரு ரிலே இருக்கும். வேறு எங்கிருந்தோ வாங்கிய டெலிடைப்பில் அது இருக்காது.

இயந்திரம் ஓடுகிறது, ஆனால் ஒன்றும் ஆகவில்லையா? ஸ்டாப் சாவியை அழுத்தி எந்த முகவரியில் நிற்கிறது என்று பாருங்கள். 7757 அல்லது 7760 என்றால் அடுத்த தகவலின் முதல் பாதிக்காகக் காத்திருக்கிறது. 7767 அல்லது 7770 என்றால் முதல் பாதி வந்துவிட்டது, இரண்டாம் பாதி வரவில்லை. நாடாவின் ஒரு வரிசையில் 6 பிட்தான் தகவல், எனவே 12 பிட்டுக்கு இரண்டு வரிசை வேண்டும். நடுவில் எங்கோ ஒரு வரிசை தவறிப்போயிருக்கிறது. நாடா கிழிந்திருக்கிறதா, வழுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 

நாடா கடைசி வரை ஓடிவிட்டது, ஆனால் மெமரியில் குப்பைதான் இருக்கிறதா? இதுதான் ஆளைப் படுத்தி எடுக்கும் வகை. 7764-ல் இருக்க வேண்டிய எண் 7510. அதில் ஒரே ஒரு சுவிட்ச் கீழே இருந்துவிட்டால் 7500 ஆகிவிடும். 7510 என்றால் 'எண் மைனஸ் இல்லையென்றால் அடுத்த கட்டளையைத் தாண்டு'. 7500 என்றால் 'மைனஸாக இருந்தால் தாண்டு'. நேர் எதிர்! நாடாவின் தொடக்கத்தில் தகவல் இல்லாத வெற்று நீளம் ஒன்று இருக்கும். அதை ஒதுக்கத்தான் இந்தக் கட்டளை. இப்போது லோடர் வெற்று நீளத்தைத் தகவல் என்று எடுத்து எழுதும், உண்மையான தகவலை வெற்று என்று தள்ளும். நாடா ஓடும், விளக்கு மினுங்கும், எல்லாம் சரியாக நடப்பது போலவே இருக்கும். அதனால்தான் 16 எண்களையும் தட்டி முடித்ததும் ஸ்டார்ட் அழுத்தாமல், முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பது வழக்கம்.

நான்காவது, லோடர் நன்றாக இருந்து நாடாவே தவறாக இருப்பது. பின் வகை நாடாவை ரிம் லோடரில் கொடுத்தால் ஏறாது. இரண்டும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும்.

பின் லோடர் ஏறிவிட்டால் பாதி நிம்மதி. அது படித்ததை எல்லாம் கூட்டி, நாடாவின் கடைசியில் குத்தியிருக்கும் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுவிட்டு நிற்கும். அக்குமுலேட்டர் விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தால், அதாவது சைபர் காட்டினால், சரியாக ஏறிவிட்டது. ஒரு விளக்கு எரிந்தாலும் நாடாவை மறுபடியும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். 

இதை இன்றைக்கு ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பழுதான ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் என்று மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. இந்தியாவில் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சரியான ஃபைல் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் பூட் ஆகும்போதே கிராஷ் ஆகிற கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வழியாக எப்படி அனுப்புவது? பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டரிடமும் நேரில் போய், சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு ஃபைலைக் கையால் நீக்க வேண்டியிருந்தது. பிடிபி-8-ல் பார்த்த அதே கதைதான். கீழ்ப்படி உடைந்தால் மேலே இருக்கும் எதுவும் உதவாது, யாராவது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

கீழே இறங்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பதுதான் கவலை. மைக்ரோசாப்ட் இணை நிறுவனர் பால் ஆலன் சியாட்டிலில் தொடங்கிய 'லிவிங் கம்ப்யூட்டர்ஸ்' மியூசியத்தில் பழைய இயந்திரங்கள் கண்ணாடிக்குள் இல்லாமல் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருந்தன. ஆலன் 2018-ல் காலமானார். மியூசியம் 2020-ல் கதவை மூடியது, பிறகு திறக்கவே இல்லை. 2024-ல் அதன் சேகரிப்பிலிருந்து பல பொருட்கள் கிறிஸ்டிஸ் நிறுவனத்தில் ஏலத்துக்கு வந்தன. இயந்திரத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம். அதன் விளக்குகள் என்ன சொல்கின்றன என்று படிக்கத் தெரிந்தவரை ஏலத்தில் எடுக்க முடியாதே! கலிஃபோர்னியாவில் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம், இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கம்ப்யூட்டிங் மியூசியம் போன்ற சில இடங்களில் பழைய கம்ப்யூட்டர்களை ஓடும் நிலையில் வைத்திருக்கும் வேலை நடக்கிறது.

நாம் முயன்று பார்க்கலாமா?

பார்க்கலாம், ஒரு பைசா செலவில்லாமல். டெக் நிறுவனத்தில் வேலை பார்த்த பாப் சுப்னிக் உருவாக்கிய 'சிம்ஹெச்' என்ற இலவச சாஃப்ட்வேர், பிடிபி-8-ஐ உங்கள் லேப்டாப்பிலேயே நடித்துக் காட்டும். 7756-லிருந்து இந்த 16 எண்களை வரிசையாக ஏற்றுங்கள்: 6032, 6031, 5357, 6036, 7106, 7006, 7510, 5357, 7006, 6031, 5367, 6034, 7420, 3776, 3376, 5356. இணையத்தில் கிடைக்கும் பின் லோடர் நாடாவின் ஃபைலை இணைத்து ஓட விடுங்கள். ஏறிவிட்டதா? இப்போது 7764-ல் மட்டும் 7510-ஐ 7500 ஆக்கிவிட்டு, அதே நாடாவை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள்.